பதினோராவது நிமிடத்து இரைச்சல்

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். முப்பத்தெட்டு நிமிடம். வேலூரில், ஏப்ரல் கடைசியில், மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கட்டிலில் தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு முப்பத்தெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்த ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். எதிரொலி வராமல் இருக்கத்தான் போர்வை. ஹேமாவின் யோசனை.

ஹேமா என்னோடு கல்லூரியில் படித்தவள். பார்வையற்றவர்களுக்குப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் குழு ஒன்றை நடத்துகிறாள். ஒரு மாதமாக என்னை விடவில்லை. "நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு டாக்டருங்க சொல்றதை டைப் அடிக்கிற. உன் குரலை நானே மறந்துட்டேன்டி சுகிர்தா" என்றாள். மருத்துவர்களின் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். யாரிடமும் பேச வேண்டாம். எனக்கு அது வசதி.

கேட்கப்போகிறவர் பெயர் எபநேசர். குன்னூரில் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர். ஜூன் 22 அன்று கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வு எழுதுகிறார். போன முறை நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டதாம். கடல் வணிக வரலாறு பற்றி அவருக்கு வேண்டிய புத்தகம் பழைய அச்சு, மங்கிப்போன எழுத்து. படம் பிடித்துக் கணினியிடம் கொடுத்தால் உளறிக் கொட்டுகிறது. ஆகவே நான். மொத்தம் முப்பத்தொரு அத்தியாயம்.

மே 1, வியாழன்

குன்னூரிலிருந்து குரல்செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன், தட்டச்சுக்காரியின் பழக்கம்.

"வணக்கம் மேடம், எபநேசர் பேசறனுங்க. வாசிப்பு ரொம்பத் தெளிவா இருக்குது. ஒரே ஒரு விஷயம். பதினோராவது நிமிஷத்துல ஒரு இரைச்சல் ஆரம்பிக்குது, பதினெட்டுல பெருசாகுது. லேப்டாப்போட விசிறின்னு நினைக்கறேன். மெத்தை மேல வெச்சிருக்கீங்களா?"

வியர்வையில் குளித்துக்கொண்டு வாசித்துக் கொடுத்தால் குறை சொல்கிறார். பதில் அனுப்பவில்லை.

மெத்தை மேல்தான் வைத்திருந்தேன்.

மே 2, வெள்ளி

'ஆமாம், மெத்தை' என்று அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டார்.

"லேப்டாப் மூச்சு விடறதே வயித்துப் பக்கமாத்தானுங்க மேடம். அடியில சின்னச்சின்ன ஓட்டை இருக்குமில்ல? அது வழியா காத்தை இழுத்து, உள்ள இருக்கற சூட்டை வாங்கி, பின்னாடியோ பக்கத்துலயோ வெளிய தள்ளும். மெத்தையில வெச்சா வயிறு அமுங்கிடும். காத்துக் கிடைக்காம விசிறி இன்னும் வேகமாச் சுத்தும்."

"நான் போர்வையும் போர்த்திக்கிறேன் சார்."

"லேப்டாப்புக்குமா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்."

சிரித்தார். "அப்ப அது வெளிய விட்ட சூட்டையே திரும்பக் குடிச்சிட்டிருக்கு. பாவமுங்க." நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சிரித்தேன்.

அவர் பள்ளிக் கணினி அறையில் எது கெட்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவாராம். பேசியது இருபத்துநான்கு நிமிடம்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. லேப்டாப்பை மேசைக்கு மாற்றினேன். போர்வைக்குள் நானும் மைக்கும் மட்டும். அடியில் காற்றோட வேண்டும் என்று அவர் சொன்னதால் சப்பாத்தி வாட்டும் கம்பி வலையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

அப்பா தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து திரும்பி வந்து வலையைத் தேடினார். "பாப்பா, சப்பாத்தி வலையில கம்ப்யூட்டரை வாட்டுறியே, மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன்மா." முப்பத்தேழு வயதில் நான் இன்னும் பாப்பா.

இரைச்சல் இப்போது இருபத்தோராவது நிமிடத்தில்தான் ஆரம்பிக்கிறது. "பத்து நிமிஷம் ஜெயிச்சிருக்கோம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். 'ஜெயிச்சிருக்கீங்க' என்று சொல்லவில்லை. ஒவ்வொரு அசையையும் கவனிப்பது என் தொழில், அதனால் கண்ணில் பட்டது.

மே 9, வெள்ளி

ஏழாவது அத்தியாயம் முடிந்தது. சீனத்துக் கப்பல்கள், மிளகு, குதிரை. குதிரை வாங்கி வாங்கியே அரசர்கள் ஓய்ந்துபோன கதை நன்றாக இருந்தது. பதிவை அனுப்பிய பிறகு போனில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

லேப்டாப் பற்றியும் பேசினோம். பதிவு செய்யும்போது சார்ஜரைச் செருகி வைத்திருப்பேனா என்று கேட்டார். ஆம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சுடும், முன்பே ஏற்றி வைத்துவிட்டுப் பிடுங்கிவிடுங்கள் என்றார். வைரஸ் தேடும் நிரல் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். தினமும் காலை ஐந்து மணி. நான் வாசிக்க உட்காரும் அதே நேரம்! மாற்றினேன்.

"இணையத்துல எத்தனை பக்கம் திறந்து வெச்சிருக்கீங்க?"

எண்ணிப் பார்த்துச் சொன்னேன். "நாப்பத்துமூணு."

"யேசப்பா" என்றார்.

இங்கே வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. அங்கே மழையாம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேசுகிறாராம். தேவையா எனக்கு இந்தத் தகவல்?

மே 13, செவ்வாய்

ஒன்பதாவது அத்தியாயம் முப்பது நிமிடம் போய்க்கொண்டிருந்தபோது திரை இருண்டது. தொட்டால் அடிப்பக்கம் தோசைக்கல். வாசித்தது எதுவும் மிஞ்சவில்லை. அழுகை வந்தது. வெயிலினால்தான்.

பக்கத்துத் தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் பர்வீனிடம் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயசுதான் இருக்கும், கை படுவேகம். பின்மூடியைத் திறந்தவள் மோந்து பார்த்தாள்.

"அக்கா, என்னக்கா இது, சந்தன வாசனை வருது?"

விசிறிக்குப் பக்கத்தில் மெல்லிய செப்புத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சூடு அவற்றின் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். இடுக்கு முழுக்க வெள்ளைக் கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் வேர்க்குரு பவுடர்! குளித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்து, மேசை விசிறிக்கு முன்னால் நின்று, கழுத்திலும் முதுகிலும் கொட்டிக்கொள்வார். மூன்று கோடைப் பவுடரும் லேப்டாப்பின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது.

பர்வீன் பிரஷ்ஷால் தட்டி, ஊதி, துடைத்தாள். சிப்பின்மேல் பூசியிருந்த பசை சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. சிப்பிலிருந்து சூட்டை வாங்கிச் செம்புக்குக் கடத்துவது அந்தப் பசைதானாம். அதையும் மாற்றினாள். நடுவில் எபநேசர் அழைத்தார். விஷயத்தைச் சொன்னதும், லேப்டாப்பை இயக்கி, போனைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பர்வீன் வைத்தாள். இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இப்ப நல்லா மூச்சு விடுதுங்க" என்றது போன்.

"யாருக்கா இவரு, மெக்கானிக்கா?"

"வரலாற்று வாத்தியார்."

"ஓ…" என்றாள் பர்வீன். அவ்வளவு நீளமான ஓ எதற்கு என்று தெரியவில்லை.

மே 14, புதன்

ஒன்பதாவது அத்தியாயம், மறுபடியும், முழுசாக. நாற்பத்தொரு நிமிடம். இரைச்சல் கடைசி மூன்று நிமிடம் மட்டும்.

அப்பாவுக்கு மொட்டை மாடியில் பவுடர் போட மட்டும் அனுமதி.

மே 19, திங்கள்

நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது மேசையில் லேப்டாப் இல்லை. கம்பி வலையும் இல்லை. அப்பா அடுக்களையில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ சாதித்த களை.

"அப்பா, லேப்டாப் எங்க?"

"குளுகுளுன்னு இருக்கும்மா. போய்ப் பாரு."

குளிர்சாதனப் பெட்டியில், தயிருக்கும் கோஸுக்கும் நடுவில், பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். தினமும் நான் சூடு சூடு என்று புலம்புவதைக் கேட்டு மனம் பொறுக்கவில்லையாம். அரை மணி நேரமாக உள்ளே இருந்திருக்கிறது.

எபநேசருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லுமுன் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆன் மட்டும் பண்ணிடாதீங்க. பைக்குள்ளயே வெச்சு வெளிய எடுங்க. வெறும் லேப்டாப்பை வெயில்காலக் காத்துல எடுத்து வெச்சா, சில்லுத் தம்ளர் வேர்க்கற மாதிரி உள்ள வேர்த்துடும். பை ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிச்சு, ஒரு நாள் அப்படியே விடுங்க." பிறகு தயங்கினார். "அப்பாவைத் திட்டாதீங்க மேடம்."

"திட்டலை. சப்பாத்தி சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"அந்த வலையிலயா?"

"அதே வலையில."

இரண்டு பேரும் எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று பார்க்கவில்லை.

மே 20, செவ்வாய்

லேப்டாப் காய்கிறது. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லியாயிற்று. எபநேசர் மூன்று முறை விசாரித்தார். லேப்டாப்பை.

மே 21, புதன்

உயிர் வந்துவிட்டது! முதலில் அவரிடம் சொன்னேன். அப்பாவிடம் பிறகு சொன்னேன். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

மே 24, சனி

பதினைந்தாவது அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு அழைத்தார். இந்த முறை லேப்டாப் பற்றி எதுவும் இல்லை.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? வாக்கியம் ஆரம்பிக்கறப்ப குரல் நல்லா நிமிர்ந்து வருது. முடியற இடத்துல ஏன் சட்டுன்னு இறக்கிடறீங்க? யாரோ அதட்டப் போறாங்கங்கற மாதிரி."

மின்விசிறி இல்லாமல் வாசிப்பதால் மூச்சு வாங்குகிறது என்றேன். "சரிங்க" என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது.

இங்கே எழுதிவைக்கலாம். ஐந்து வருடம் ஒரு வீட்டில் இருந்தேன். அந்த வீட்டில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் "வாயை மூடறியா?" என்று வரும். சாப்பாட்டு மேசையில், விருந்தாளிகள் முன்னால், ஒருமுறை ஓடும் பேருந்தில். முடிவதற்குள் நானே குரலை இறக்கிக்கொள்ளப் பழகினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். வழி நெடுக அவர் ஒன்றும் கேட்கவில்லை, பாடிக்கொண்டே வந்தார். நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

பதினைந்தாவது அத்தியாயத்தை மறுபடியும் வாசித்தேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளி வரைக்கும் போனேன்.

மே 25, ஞாயிறு

"கேட்டேன். கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன்" என்று செய்தி. வேறொன்றும் இல்லை.

மே 30, வெள்ளி

ஹேமா அழைத்தாள். இருபது அத்தியாயம் முடித்ததற்குப் பாராட்டு. "உன் பதிவை எபநேசர் இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கார்டி. அவங்களும் அதே பரீட்சை எழுதுறாங்க. என்ன சுத்தமான ஒலி! ஸ்டுடியோவுல பண்ண மாதிரி, ஒரு விசிறிச் சத்தம்கூட இல்ல."

"எந்த அத்தியாயம் கேட்ட?"

"முதல் மூணு."

முதல் மூன்று அத்தியாயத்தில் விசிறி ஆகாய விமானம் மாதிரி கத்தும். ஹேமாவை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இரைச்சல் இல்லை. துடைத்து எடுத்தாற்போல் இருக்கிறது.

பர்வீனிடம் ஓடினேன். "இது ஒண்ணுமில்லக்கா, சத்தத்தை எடுக்கிற மென்பொருள் இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

இரண்டு நிமிட வேலை. நான் கத்திரி வெயிலில் போர்வைக்குள் வெந்தது ஒரு மாதம்.

மே 31, சனி

வாசிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு மின்விசிறி ஓடுவதைப் பார்த்து அப்பா எட்டிப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா பாப்பா?" உடம்பு சரியாகத்தான் இருந்தது. எபநேசர் ஆறு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஏழாவது அழைப்பை எடுத்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்ககிட்ட இரைச்சலை எடுக்கிற மென்பொருள் இருக்கு இல்ல?" என்றேன்.

"இருக்குதுங்க."

"முதல் நாள்லேர்ந்தே இருக்கு."

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு என்னை மெத்தை, வலை, சார்ஜர்னு அலைய வச்சீங்க?" என் குரல் உயர்ந்துகொண்டே போனது. அப்பா கூடத்தில் பாட்டை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. வியர்வை, வேர்க்குரு, போர்வை, தொலைந்துபோன ஒன்பதாவது அத்தியாயம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்தார். முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதோ என்று.

"லேப்டாப் சூடானது நெஜமுங்க. அப்படியே விட்டிருந்தா பாதியில செத்திருக்கும். அது ஒரு காரணம். முதல் அத்தியாயத்தைச் சுத்தம் பண்ணிப் பார்த்தேன். இரைச்சல் போச்சு. கூடவே உங்க குரல்லயும் கொஞ்சம் போச்சு, டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி. மத்தவங்களுக்கு அது போதும்னு அனுப்பினேன். நான் இரைச்சலோட இருக்கறதைத்தான் கேக்கறேன். அது ரெண்டாவது காரணம்."

"மூணாவது?"

"விசிறி பத்தி இல்லைன்னா எதைச் சொல்லி உங்களுக்குப் போன் பண்றது?" என்றார்.

நான் போனை வைக்கவில்லை.

"கோபமா மேடம்?"

"சுகிர்தான்னு கூப்பிடுங்க" என்றேன். "இருபத்தொண்ணாவது அத்தியாயம் சாயந்தரம் வரும்."

கூடத்தில் பாட்டு மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக.

ஜூன் 11, புதன்

முப்பத்தோராவது அத்தியாயம் முடிந்தது. இரண்டு நாளாக மழை, அறை குளிர்ந்து கிடக்கிறது. விசிறி கடைசி வரை முனகக்கூட இல்லை. அனுப்பிவிட்டு வெறுமையாக உட்கார்ந்திருந்தேன். நாளைக் காலை ஐந்து மணிக்கு என்ன செய்வது?

அவரும் அதையே கேட்டார். பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன, நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் ஒன்றே முக்காலுக்கு, கோயம்புத்தூர்த் தேர்வு மையத்து வாசலில் இருந்தே அழைத்தார். வண்டிச் சத்தம், டீ விற்கிறவர் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல்.

"சுகிர்தா! குதிரை வந்துச்சு! பத்து மார்க் கேள்வி! நான் சொல்லச் சொல்ல எழுதறவர் கை வலிக்குதுன்னார், நான் விடலை!"

போன முறை நான்கு மதிப்பெண்ணில் போனது. இந்த முறை எப்படிப் போட்டுப் பார்த்தாலும் தாண்டிவிடும் என்கிறார். முடிவு வர மாதங்கள் ஆகும். நானும் அப்பாவும் இன்றைக்கே கேசரி கிண்டிச் சாப்பிட்டுவிட்டோம்.

ஜூலை 5, சனி

எபநேசர் வந்தார். நன்றி சொல்ல வருகிறேன் என்று சொல்லியிருந்தார். நன்றியைப் போனிலேயே நாற்பது முறை சொல்லியாயிற்று.

கோவையிலிருந்து வரும் பகல் வண்டி. காட்பாடி ரயில் நிலைய நடைமேடையில் அப்பா, பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையில், எங்களுக்குத் தண்ணீர் வாங்குகிறேன் என்று எங்கோ போய்விட்டார். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கைபிடித்து எபநேசரை இறக்கிவிட்டார். உயரம். காதோரம் நரை. ஒரு கையில் மடக்குக் கோல், தோளில் பை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார், கூட்டத்திலிருந்து ஒரே ஒரு சத்தத்தைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறவர் போல. நான் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது நியாயமில்லை என்று தோன்றியது.

"நான்தான், சுகிர்தா. ஒரு நிமிஷமா இங்க நின்னு உங்களைப் பார்த்துக்கிட்டிருக்கேன். சொல்லிடறேன்."

முகம் என் பக்கம் திரும்பியது. "பார்த்தாச்சா? பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

"நான் ரெண்டு மாசமா கேட்டுட்டே இருக்கேன். நீங்க ஒரு நிமிஷம் பார்த்தா தப்பில்லைங்க."

வீட்டில் மீன்குழம்பு. அப்பா மூன்று பாட்டுப் பாடினார். எபநேசர் இரண்டாவது பாட்டில் சேர்ந்துகொண்டார், சுருதி சரியாக இருந்தது என்று அப்பா பிறகு என்னிடம் சொன்னார். அது அப்பாவிடம் எளிதில் வாங்க முடியாத சான்றிதழ்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் எபநேசர் அப்பா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஐயா, ஒரு விஷயம் கேக்கணும்."

"என்னை எதுக்குத் தம்பி கேக்கறீங்க? அவ இதோ உட்கார்ந்திருக்கா. அவளையே கேளுங்க" என்று அப்பா எழுந்து, பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன். பெரிய பதில். நடுவில் மூச்சு வாங்கவும் இல்லை, குரலை இறக்கவும் இல்லை. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கடைவீதியில் ஸ்வெட்டர் கேட்டேன். வெளியே வெயில் முப்பத்தெட்டு டிகிரி. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பரணில் ஏறி, ஒரு மூட்டையைத் தள்ளி, தூசி தட்டி நாலைந்தை எடுத்துப் போட்டார்.

"மலைப்பக்கம் போறீங்களாம்மா? எத்தனை நாளைக்கு?"

"நல்ல தடிமனாக் குடுங்க" என்றேன்.

நீலம் எடுத்தேன்.